வலியைக் காட்டிக்கொள்ளாத நாய்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

மாடிவீடு:
எங்கள் ராணி லாப்ரடார், 9 வயது. மூன்று வாரமாக மாடிக்கு வரவில்லை. வயதாகிவிட்டது, உடம்பும் கனத்துவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சாப்பாட்டில் குறையில்லை; கேட் சத்தம் கேட்டால் வாலாட்டிக்கொண்டு வருவாள். அந்த வால்தான் எங்களை ஏமாற்றியது. ஒருநாள் மாலை மாடியிலிருந்து கூப்பிட்டேன். முதல் படியில் முன்னங்காலை வைத்தாள், என்னை அண்ணாந்து பார்த்தாள், காலை இறக்கிக்கொண்டாள். பிறகு அதற்காகவே வந்தவள்போலத் துளசித் தொட்டியை முகர ஆரம்பித்தாள். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

கரிசல்:
நீங்களாவது அடிக்கவில்லை. என்னுடையது ராஜபாளையம். தெருவே பயப்படும், என்னிடம் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட உறுமியதில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பூசப் போனேன். கை பட்டதும் உறுமினான். ஓங்கி ஓர் அறை விட்டேன், அதே கன்னத்தில். மறுநாள் டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல் பிளந்து, வேரில் சீழ். ஞாயிறுதோறும் நான் போட்ட எலும்பின் வேலை. சோற்றை ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

திண்ணைப்பேச்சு:
எல்லாவற்றையும் வலி என்றால் எப்படி? கிழட்டு நாய் படுத்துத்தான் கிடக்கும். எங்கள் சிப்பிப்பாறை நொண்டியபோது பாதி பாராசிட்டமால் கொடுத்தேன். இரண்டே நாளில் கோழி விரட்டியது.

வேப்பேரி வரிசை:
திண்ணைப்பேச்சு சார், உங்கள் நாய் பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். அளவு மீறினால் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குறைத்துவிடும். இபுப்ரோஃபென் இன்னும் மோசம்: வயிற்றில் புண், பிறகு சிறுநீரகம். எடை பார்த்து டாக்டர் எழுதாத வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.
என் கதை சிறியது. கட்டிலில் தாவாமல் நின்ற டாஷ்ஹண்டைத் தூக்கினேன், கீச்சென்று கத்தியது. முதுகுத்தண்டில் வட்டு விலகியிருந்தது. அன்றிலிருந்து கவனிக்கப் பழகிவிட்டேன். ஒரே இடத்தை நக்கி நக்கி முடி செம்பட்டையாவது, வெயிலே இல்லாமல் இரைப்பது, முன்னுடம்பைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தியபடியே நிற்பது. கடைசியாகச் சொன்னதைச் சோம்பல் முறிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வயிற்று வலியாக இருக்கலாம். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்; நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் காட்டிவிடுங்கள். வயிறு உப்பி, குமட்டியும் எதுவும் வெளியே வராவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, வீட்டில் நொண்டுவதை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் எல்லா நாயும் பந்தயக் குதிரையாகிவிடும்!

திண்ணைப்பேச்சு:
நான் ஒரு வரி எழுதினால் நீங்கள் ஒரு பாடப்புத்தகமே எழுதுகிறீர்கள் அம்மா.

மாடிவீடு:
டைல்ஸ் வழுக்குகிறது என்று கூடம் முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறோம். ராணி இப்போது அடுப்படிவரை வருகிறாள். கரிசல் அண்ணா, பல்லை எடுத்த பிறகு உங்களவன் கன்னத்தைத் தொட விடுகிறானா?

கரிசல்:
இடது பக்கம் விடுகிறான். வலது பக்கம் கையைக் கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொள்கிறான்.