வாழைக்குச் சொட்டு நீர்: வரிசைக் கடைசிக்குத் தண்ணீர் எட்டவில்லை

சத்தி வாழை:
வணக்கம். சத்தியமங்கலம் பக்கம் 2 ஏக்கரில் நேந்திரன் போட்டிருக்கிறேன். 16 மி.மீ. இன்லைன் லேட்டரல் (டிரிப்பர் உள்ளேயே பதித்த, வரிசையோரம் ஓடும் சிறு குழாய்), 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவான்), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். தரை சமம்தான். லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்மெயின் குழாய் கிழக்கு வரப்போரம் இருக்கிறது, அங்கிருந்து லேட்டரல் ஒரே ஓட்டமாக 110 மீட்டர் மேற்கே போகிறது. கிழக்கே வாழை என் தோள் உயரம் வந்துவிட்டது, மேற்குக் கடைசியில் இன்னும் இடுப்பளவுதான், இலையும் வெளிறிக் கிடக்கிறது. ஃபில்டர் தாண்டி கேஜில் பிரஷர் (அழுத்தம்) 1 கிலோ காட்டுகிறது. பொருத்திக் கொடுத்தவர் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டச் சொல்கிறார், ஓட்டினால் கிழக்கே சேறாகிறது. டிரிப்பர் அடைப்பா, பெரிய மோட்டார் வேண்டுமா?

கோபி தோட்டம்:
மோட்டாரைத் தொடாதீர்கள் தம்பி, முதலில் அளந்து பாருங்கள். 4 வரிசை, வரிசைக்கு 4 இடம்: தலை, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி. டிரிப்பருக்கு அடியில் குழி பறித்து அரை லிட்டர் டப்பா வையுங்கள். தண்ணீர் குழாயை ஒட்டியே ஓடிவிடும், அதனால் டிரிப்பருக்கு இரண்டு பக்கமும் நூல் கட்டினால் நூல் வழியே டப்பாவில் விழும். 6 நிமிடத்தில் 400 மி.லி. வர வேண்டும். பதினாறில் குறைந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள், 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. தலையிலிருந்து படிப்படியாகக் குறைந்தால் பிரஷர் கோளாறு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு.

எனக்கு அந்த 110 மீட்டர் மேல்தான் சந்தேகம். ஒரு லேட்டரலில் 183 டிரிப்பர், மணிக்கு 730 லிட்டர், அவ்வளவையும் 16 மி.மீ. குழாய்க்குள் தள்ளினால் உராய்விலேயே பிரஷர் தீர்ந்துவிடும். சாதாரண டிரிப்பரில் பிரஷர் கால் பங்காகக் குறைந்தால் தண்ணீர் பாதியாகும். சப்மெயினை நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் 55 மீட்டராகப் பிரித்தால் உராய்வு இழப்பு ஏழில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

தர்மபுரி தக்காளி:
எங்கள் காடு சரிவு, மேலுக்கும் கீழுக்கும் 4 மீட்டர் வித்தியாசம், அதாவது 0.4 கிலோ. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு விட பிரஷர் காம்பென்சேட்டிங் டிரிப்பர்தான் போட்டோம். சமத்தரைக்கு அது தேவைப்படாது. ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருந்து டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்தால் ஆசிட் விட வேண்டிவரும். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றவே கூடாது. குளோரினோடு கலந்தால் விஷவாயு வரும், தயவுசெய்து கவனம்.

சத்தி வாழை:
அளந்துவிட்டேன் அண்ணா. நான்கு வரிசையின் சராசரி தலையில் 390 மி.லி., அப்புறம் 310, 260. கடைசியில் 230, 240, 220, நான்காவது வரிசையில் வெறும் 110. கணக்குப் போட்டால் 69 சதவீதம். அந்த நான்காவது வரிசையின் எண்ட் கேப்பை (கடைசி மூடியை) கழற்றினேன், ஒரு நிமிடம் செம்மண் குழம்பாக வந்தது, அப்புறம்தான் தெளிந்தது. ஃபில்டர் வலையில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது, மாற்றிவிட்டேன்.

கோபி தோட்டம்:
அப்போ பிரஷர் கோளாறும் அடைப்பும் இரண்டும் சேர்ந்திருக்கிறது. எல்லா எண்ட் கேப்பையும் ஐந்தைந்தாகத் திறந்து கழுவுங்கள், மொத்தமாகத் திறந்தால் வேகம் இருக்காது, மண் நகராது. லேட்டரலை நடுவில் வெட்டும்போது வாய்க்குள் மண் விழாமல் உடனே கட்டிவிடுங்கள்.

சத்தி வாழை:
சரிங்கண்ணா. நடுவில் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். சப்மெயின் மாற்றியதும் அதே பதினாறு இடத்தில் டப்பா வைத்து அளவை இங்கே போடுகிறேன்.