தனி ஆளாக நேர்காணல் எடுக்க வயர் காலர் மைக்கா, வயர்லெஸ்ஸா?

செந்நாரை:
முதியவர்களைச் சந்தித்து அவர்களுடைய வாழ்க்கைக் கதையை வீடியோவாகப் பதிவு செய்கிறேன். கேமரா, விளக்கு, கேள்வி எல்லாம் நான் ஒருவனே. இதுவரை கேமராவின் சொந்த மைக்கில்தான் எடுத்தேன். படம் நன்றாக வருகிறது, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கையில் பணம் குறைவு. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

கம்பிக்காரன்:
யோசிக்கவே வேண்டாம், வயர் காலர் மைக். போயா பிஒய்-எம்1 மாதிரி ஒன்று போதும். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் அவர் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். கேமரா 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. சட்டையில் குத்திய மைக் வாயிலிருந்து 25 செ.மீ. மூன்று முறை பாதியாகிறது, அதாவது 18 டெசிபல். அறையின் எதிரொலி அப்படியே இருக்க, குரல் மட்டும் அவ்வளவு மேலே வந்துவிடும். விலை உயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைத்தால் இது கிடைக்காது.

தேன்சிட்டு:
தூரக் கணக்கு சரி, ஆனால் ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துச் சொல்கிறீர்கள். நான் ஒரு பாட்டியைப் படம் எடுத்தபோது, "இருப்பா, அந்த போட்டோவைக் காட்டுறேன்" என்று எழுந்துவிட்டார். மைக் வயர் கேமராவில் இருந்தது. ட்ரைபாட் சாய்ந்ததைப் பாதியில் பிடித்தேன். பாட்டி பயந்துபோனார், அப்புறம் அவர் இயல்பாகப் பேசவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு வயர்லெஸ்தான். இரண்டு டிரான்ஸ்மிட்டர் (பேசுபவர் உடையில் மாட்டும், ஒலியை அனுப்பும் கருவி) உள்ள செட் வாங்கினால் கேள்வி கேட்பவர் குரலும் தனியாகப் பதிவாகும்.

கம்பிக்காரன்:
வயரை யார் கேமராவில் செருகச் சொன்னது? ஒரு பழைய போனில் செருகி, ரெக்கார்டரை ஓடவிட்டு, போனை அவர் பையிலேயே போட்டுவிடுங்கள். மீதி வயரைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட். அவர் எங்கே நடந்தாலும் மைக் கூடவே போகும். தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கைதட்டினால் எடிட்டிங்கில் ஒலியைப் பொருத்திக்கொள்ளலாம்.

வயர்லெஸ்ஸால் நான் பட்டது வேறு. ஒரு பெரியவர் தன் மனைவி இறந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேனே தவிர, கேமராவில் அந்த ஒலியை வாங்கும் ரிசீவரைப் பார்க்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி எப்போதோ போயிருந்தது. அதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

பனித்துளி:
போன் முறையில் இரண்டு விஷயம். ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் நடுவே அழைப்பு வந்து பதிவு நின்றுவிடலாம். அடுத்தது, கேமராவும் போனும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுபவை. ஒரு மணி நேரப் பேச்சில் உதட்டசைவும் ஒலியும் கொஞ்சம் விலகலாம். அதனால் கேமரா மைக்கை அணைக்காதீர்கள், ஒப்பிட்டுச் சரிசெய்ய அந்த ஒலி வேண்டும்.

இலைநிழல்:
கேமரா மேல் ஒரு ஷாட்கன் மைக் (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் நீள மைக்) வைத்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

பனித்துளி:
கேமரா மேலேயே இருந்தால் தூரம் அதே 2 மீட்டர்தான். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி முன்பக்கமாகவும் வரும், அதை அது தள்ளாது. ஸ்டாண்டில் மாட்டி, ஃபிரேமுக்கு வெளியே தலைக்கு மேல் அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் அருமை. உடையில் எதையும் குத்தவிடாதவர்களுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.

தேன்சிட்டு:
கம்பிக்காரரே, உங்களுக்கு நடந்தது எனக்கும் மனசைப் பிசைகிறது. ஆனால் பைக்குள் இருக்கும் போனில் என்ன பதிவாகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் முடிந்த பிறகுதானே? ரிசீவர் கேமராவில் இருந்தால், ஒரு காதில் ஹெட்போன் வைத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், இரைச்சல் வந்த நொடியே நிறுத்தலாம். பக்கத்தில் ஒலிக்கென்று ஓர் ஆள் இல்லாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரோட் வயர்லெஸ் கோ 2 மாதிரி செட்டில் டிரான்ஸ்மிட்டரே தனக்குள் ஒரு நகலைப் பதிவு செய்யும், சிக்னல் அறுந்தாலும் குரல் மிஞ்சும்.

கம்பிக்காரன்:
மலிவான செட்டுகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. செந்நாரை கையில் பணம் குறைவு என்றுதான் கேட்டிருக்கிறார். ஹெட்போன் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது போன் முறையின் பலவீனம்தான். அதற்கு நான் செய்வது: முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, நடுவே மைக் முனையை நகத்தால் லேசாகச் சுரண்டுவேன். போட்டுக் கேட்கும்போது அந்தக் கரகர சத்தம் காதைப் பிளக்க வேண்டும். எங்கோ தூரத்தில் கேட்டால், போனில் செருகும் மைக் பின் சரியாக ஏறவில்லை, போன் தன் சொந்த மைக்கில் பதிவு செய்கிறது என்று அர்த்தம். போனுக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் வேண்டும், கேமராவுக்கு இரண்டு. எம்1-இல் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, அது போன் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செந்நாரை:
3.5 மி.மீ. ஹெட்போன் துளை உள்ள பழைய போன் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அப்படியென்றால் இப்போதைக்கு வயரிலேயே தொடங்குகிறேன். கேள்வி கேட்கும் என் குரலுக்கு என்ன செய்வது?

தேன்சிட்டு:
கேமராவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்து கேளுங்கள், அதன் மைக் உங்கள் குரலைப் பிடித்துக்கொள்ளும். கேமராவில் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் மௌனமாகும் போதெல்லாம் மின்விசிறிச் சத்தம் மேலேறி வரும். எழுந்து நடமாடுபவர்களை எடுக்கும் நாள் வந்தால் வயர்லெஸ் வாங்குங்கள் என்பதில் நான் மாறவில்லை. காலர் மைக் எதுவானாலும் நெஞ்செலும்புக்கு நேராக, சட்டையின் வெளிப்பக்கம் குத்துங்கள். பட்டும் நைலானும் உரசும், பருத்திச் சட்டை அவ்வளவு தொந்தரவு தராது. முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் அவர்களே பார்த்து உடுத்திக்கொள்வார்கள்.