பவல் ஏரிக்கு முதல் மோட்டார்ஹோம் பயணம், கூடவே படகு: ஆலோசனை தேவை

கேள்வி: பீனிக்ஸ்வாசி

வணக்கம். வரும் ஜூன் மாதம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், பீனிக்ஸிலிருந்து அரிசோனா-யூட்டா எல்லையிலுள்ள பவல் ஏரிக்குச் சென்று ஐந்து நாள் தங்கி வர எண்ணியிருக்கிறோம். நாங்கள் இருவர், பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், மாமியார் என ஆறு பேர். உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள 25 அடி மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நண்பர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கும் 18 அடிப் படகை அதன் பின்னால் இழுத்துச் செல்வது, லோன் ராக் மணற்கரையில் தண்ணீரை ஒட்டி வண்டியை நிறுத்தித் தங்குவது, ஒரு நாள் படகிலேயே ரெயின்போ பிரிட்ஜ் என்ற இயற்கைக் கல் வளைவு வரை போய் வருவது என்பதுதான் திட்டம். மோட்டார்ஹோம், படகு இரண்டுமே எனக்குப் புதியவை. இதில் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: நெடுஞ்சாலை

முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான வாடகை மோட்டார்ஹோம்களில் பின்னால் எதையும் இழுக்க அனுமதி இல்லை. மீறினால் காப்பீடு செல்லாமல் போகும். அனுமதி கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. ஐ-17 நெடுஞ்சாலை உங்களை ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து யு.எஸ். 89 சாலை வழியாக மறுபடியும் ஏரியை ஒட்டிய பேஜ் நகருக்கு இறக்குகிறது. பிளாக் கேன்யன் சிட்டிக்கு மேலுள்ள ஏற்றத்தில் ஜூன் வெயிலில் சாதாரணக் கார்களே சூடேறி ஓரமாக நிற்கும். அந்த வழியில், இதுவரை ஓட்டிப் பழகாத வண்டியில், ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு படகையும் இழுப்பது வீண் சோதனை. படகை ஏரிக்கரையிலுள்ள வாவீப் படகுத்துறையில் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

லோன் ராக் அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது, மணலோ மிகவும் இளகியது. கெட்டியாகத் தெரியும் இடத்திலும் பின் சக்கரம் புதைந்து, இழுவை வண்டிக்குப் பெரும் தொகை கொடுத்து வெளியே வருபவர்களை ஒவ்வொரு கோடையிலும் காணலாம். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் வயதானவர்களுக்கு ஏ.சி. அவசியம், ஜெனரேட்டரையோ இரவு அமைதி நேரத்தில் ஓட்ட இயலாது. ஆகவே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உள்ள வாவீப் முகாமில் முன்பதிவு செய்துவிட்டு, லோன் ராக்கை ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்து வாருங்கள்.

பதில் 2: துடுப்பு

படகு பற்றி நான் சொல்கிறேன். பவல் ஏரி, 1963இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டபின் கொலராடோ ஆறு தேங்கி உருவான நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவில் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023இன் தொடக்க மாதங்களில் சுமார் 3,520 அடி வரை இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தால், சென்ற ஆண்டு பயன்பட்ட படகு இறக்கும் சரிவு இந்த ஆண்டு தண்ணீரைத் தொடாமலே நிற்கலாம். பழைய வரைபடத்தில் ஆழமாகக் காட்டப்பட்ட இடத்தில் பாறை தலைகாட்டலாம். புறப்படும் வாரத்தில் தேசியப் பூங்கா சேவையின் இணையப் பக்கத்தில் எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

ரெயின்போ பிரிட்ஜ் வாவீப்பிலிருந்து ஒரு வழிக்கு ஏறக்குறைய 50 மைல். முன்பு நடுவழியில் எரிபொருள் தந்த டாங்லிங் ரோப் படகுத்துறை 2021 முதல் இயங்கவில்லை. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு என்ற கணக்கைக் கைவிடாதீர்கள். பிற்பகலில் காற்று எழுந்தால், செங்குத்தான பாறைச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். 18 அடிப் படகில் அது விளையாட்டல்ல. உங்கள் முதல் பயணத்துக்கு இந்த இலக்கு அதிகம் என்பதே என் கருத்து. காலையில் கிளம்பி, அருகிலுள்ள பள்ளத்தாக்கு ஒன்றில் நீந்திவிட்டு, நண்பகலுக்குள் திரும்புங்கள்.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் சட்டப்படியே கட்டாயம். அதைவிடப் பலர் அறியாதது கார்பன் மோனாக்சைடு: எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்தட்டருகே எவரும் நீந்தவோ உட்காரவோ கூடாது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு திறந்த வெளியிலும் ஆளைக் கொன்றிருக்கிறது. இந்த ஏரியிலேயே அப்படி நடந்த மரணங்கள் உண்டு.

பீனிக்ஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. இழுத்துச் செல்லும் யோசனையைக் கைவிட்டேன். ஆனால் நண்பர் தம் பிக்கப் வண்டியில் படகைத் தாமே கொண்டு வருவதாகச் சொல்கிறார். அப்படியானால் வேறு எதையேனும் கவனிக்க வேண்டுமா?

பதில் 3: வடகரை

ஆம், குவாகா (quagga) சிப்பிகளை. ஏரியில் பெருகிவிட்ட இந்தச் சின்னஞ்சிறு சிப்பிகள் வேறு நீர்நிலைகளுக்குப் பரவாமலிருக்க, வெளியேறும் ஒவ்வொரு படகையும் கழுவி, படகின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்து, உலரவிட வேண்டும் என்பது அரிசோனா, யூட்டா இரு மாநிலங்களிலும் சட்டம். உங்கள் நண்பர் அடுத்த வாரமே வேறு ஏரிக்குப் போகும் எண்ணத்தில் இருந்தால், உலர்த்தும் காலத்தை இப்போதே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்றொன்று, கடிகாரம். கோடையில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அரிசோனா நேரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நாடு என்ற பழங்குடித் தன்னாட்சிப் பகுதி மாற்றுகிறது. லோன் ராக் யூட்டாவில், பேஜ் அரிசோனாவில். கைப்பேசி இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், படகு வாடகை நேரத்தை எந்த மாநிலக் கணக்கில் சொல்கிறார்கள் என்று முன்பதிவின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.