நர்சரி வேறு, ஹாலிடே கிளப் வேறு: குன்னூர்த் தங்கச்சிக்குப் பதில்

குன்னூரிலிருந்து இங்கிலாந்து போய் இரண்டு மாதமான தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: மூன்று வயதுப் பெண்ணுக்கு நர்சரி, ஏழு வயதுப் பையனுக்குக் கோடை லீவில் பகலில் பார்த்துக்கொள்ளும் ஹாலிடே கிளப், இரண்டையும் எதை வைத்து நம்புவது?

நான் போய் ஆறு வருடம் ஆகிறது. இதை லீவுக்கு வந்த இடத்தில், கோத்தகிரியில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடம் ஜூனிலேயே திறந்துவிட்டது. அங்கே ஜூலைக் கடைசியில்தான் ஆறு வார லீவே தொடங்குகிறது. பகலில் விளையாட ஆள் கிடைக்காமல், ஸ்கூல் பஸ் எப்போது வரும் என்று என் பையன் மங்கி கேப்போடு கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாரம் 15 மணி நேரம், வருடத்தில் 38 வாரம், நர்சரி இலவசம். விசா எதுவானாலும் இது உண்டு. மூன்று வயது முடிந்ததற்கு அடுத்த பருவத்தில், அதாவது ஜனவரி, ஏப்ரல், செப்டம்பரில், தொடங்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரம் அப்படியில்லை. கணவன் மனைவி இருவர் விசாவிலும் அரசு உதவி கிடையாது என்று போட்டிருந்தால் கிடைக்காது. புதிதாக வந்த பலர் 30 மணி நேரத்தை நம்பி வேலை நேரத்தை ஒத்துக்கொண்டு பிறகு முழிக்கிறார்கள்.

சரி, கவனிப்புக்கு வருவோம்.

என் அம்மா எஸ்டேட் கிரச்சில் ஆயாவாக இருந்தவர். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் கிரச் வைக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் இருந்தது, கூரை ஒழுகியது, அது வேறு கதை. பழைய சேலையில் கட்டிய தூளி வரிசையாகத் தொங்கும். மதிய எடைக்கு இலை கொண்டுவரும் தாய்மார் அப்படியே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். இங்கிலாந்து நர்சரியின் படங்களைக் காட்டியபோது அம்மா பொம்மைகளைப் பார்க்கவே இல்லை. "சாயங்காலம் போய்க் கேட்டா, பிள்ளை எத்தனை தடவை வெளிக்குப் போச்சுன்னு சொல்றாளா?" என்று கேட்டார். நான் பார்த்த எந்த ஆய்வு அறிக்கையும் இதைவிட நன்றாகக் கேட்டதில்லை.

அறிக்கையைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நர்சரி, பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் தளத்தில் நர்சரியின் பெயரைப் போட்டால் வரும், தேதியையும் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய 'குட்' மதிப்பீடு என்றால் அன்று இருந்தவர்கள் இன்று இருப்பார்களா என்று யோசியுங்கள். ஆள் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது: இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்றுக்கு மேல் எட்டுக்கு ஒருவர். ஆசிரியர் தகுதி உள்ளவர் நேரடியாகக் கவனித்தால் 13 வரை போகலாம். உங்கள் பெண்ணுக்கு எட்டா, பதின்மூன்றா என்று கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கீ பெர்சன் என்று, அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். என் பெண் சேர்ந்தபோது அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அவளுடைய கீ பெர்சன் முதல் நாளே ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணி, மூச்சா, வலிக்குது, அம்மா வருவாங்க: நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டார். 'வலிக்குது' அவர் வாயில் 'வாலிக்கூடூ' ஆனது. பரவாயில்லை, என் பெண்ணுக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் கூப்பிடப் போனபோது, "மதியம் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள், தூங்கும்போது உங்கள் துப்பட்டாவைக் கேட்டாள்" என்றார். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே பெரிய தோட்டமும் கிடையாது, வாடகைக்கு எடுத்த சர்ச் ஹால்.

ஹாலிடே கிளப்பில்தான் நான் ஏமாந்தேன். நர்சரி மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே இத்தனை பேருக்கு ஒருவர் என்று சட்டம் எண் எதுவும் சொல்வதில்லை, போதுமான ஆள் இருந்தால் சரி. உங்கள் பையன் வயதில் கீ பெர்சனும் கட்டாயமில்லை. எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எடுக்கும் கிளப் பொதுவாக ஆஃப்ஸ்டெட்டில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் விலக்கு உண்டு. கால்பந்து, நடனம் என்று ஒன்றிரண்டு பயிற்சி மட்டும் தருகிறவர்கள் பதியாமலே நடத்தலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

என் பையனுக்கு அப்போது ஆறு வயது. காலை பத்து மணிக்கு மழையில் ஓடி சாக்ஸ் நனைந்திருக்கிறது. ஐந்தரைக்கு நான் போகும்வரை அதே சாக்ஸ். ஷூவைக் கழற்றினால் விரல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. மாற்றுச் சாக்ஸ் பையிலேயே இருந்தது! கேட்டால், "அவன் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார் அங்கிருந்த பையன், காலேஜ் லீவில் வேலைக்கு வந்தவர். காலையில் நான் விட்டபோது வேறொருவர் இருந்தார். அந்தக் காலேஜ் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, இருபது பிள்ளைகளை அவர் தலையில் கட்டியவர்கள்மேல்தான். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய் 'எனக்கு இது வேணும்' என்று கேட்கப் பழகாதவர்கள், அதுவும் ஒரு காரணம். அதற்கப்புறம் லீவு தொடங்கும் முன்பே கிளப்புக்குப் போன் செய்து, வாரம் முழுக்க ஒரே ஆட்கள் இருப்பார்களா, என் பையனின் குழுவை யார் பார்ப்பது என்று கேட்டுவிடுகிறேன். அவனிடமும் "ஐ நீட் ஹெல்ப்" என்று சொல்ல வைத்து வீட்டில் நாலு தடவை நாடகம் போட்டுப் பார்த்தோம்.

*

"அக்கா, கிளப்பில் சாப்பாடு தருவாங்களா? புளிசாதம் கட்டிக் கொடுக்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் நாம்தான் கட்டிக் கொடுக்க வேண்டும், சூடுபண்ணித் தர மாட்டார்கள். புளிசாதம் தாராளமாக, ஆனால் நிலக்கடலை போடாமல். ஒவ்வாமைக்காக நிறைய இடங்களில் கடலைக்கே அனுமதி இல்லை. திராட்சை வைத்தால் சின்னவளுக்கு நீளவாக்கில் நறுக்கி வையுங்கள், முழுசாகப் போனால் தொண்டையில் அடைக்கும். பெரியவன் பையில் சாக்ஸ் இரண்டு ஜோடி, எந்தப் பையறையில் இருக்கிறது என்பதை அவனே கைவிட்டுக் காட்டட்டும்.