டெல்லியில் ஒரு வாரம் பொருளாதார வகுப்பு, தங்கல் சாப்பாடு இலவசம். போகலாமா?

கேட்டது: திருமங்கலம் பி.ஏ.

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு காலேஜ்ல பி.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம் முடிச்சிருக்கேன். எதிர்சேவை அன்னிக்கு தல்லாகுளத்துல கூட்டத்துக்குள்ள நசுங்கிக்கிட்டு நிக்கும்போது ஒரு மெயில். ஜூன்ல டெல்லியில ஒரு வாரம் கோடைக் கருத்தரங்கு. சந்தை, அரசு, தனிமனித சுதந்திரம்னு தலைப்புகள். நான் தேர்வாகியிருக்கேனாம். தங்கல், சாப்பாடு அவங்க பொறுப்பு. ரயில் காசு நம்ம போட்டுட்டு அப்புறம் வாங்கிக்கணும்.

வீட்ல சொன்னேன். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "சோறு போட்டு பாடம் நடத்துறானுகன்னா, காசு எவன் கட்டுறான்?" எனக்குப் பதில் தெரியல. எங்க சார் "மூளைச்சலவை, போகாத"ங்கிறார். எனக்கு அதை விடப் பெரிய பயம் இங்கிலீஷ். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில்: அரசரடி தோழர்

தம்பி, மே மாசம் மாணவர்களைக் கூட்டி வச்சு வகுப்பு எடுக்கிறது மதுரைக்குப் புதுசு இல்ல. எங்க அமைப்பும்தான் எடுக்குது. கம்யூனிஸ்ட் தலைவர் சங்கரய்யா இங்க அமெரிக்கன் கல்லூரியில படிக்கும்போதே 1941-ல பரீட்சைக்குப் பதினஞ்சு நாள் இருக்கையில கைதானார், பி.ஏ. பட்டமே வாங்கல. இன்னொரு கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி 1952-ல ஜெயில்ல இருந்துக்கிட்டே மதுரை வடக்குல ஜெயிச்சார். இவங்கல்லாம் டெல்லி ஹாஸ்டல்ல உக்காந்து பொருளாதாரம் படிக்கல. உங்கப்பா கேட்டது சரியான கேள்வி. எங்க வகுப்புக்கு எவன் காசுன்னு கேட்டா உண்டியலைக் காட்டுவேன்.

பதில்: மல்லிகைக்காரர் மகள்

தம்பி, நான் நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ணுக்குப் போனேன். அதே அமைப்பான்னு தெரியாது, பேரும் சொல்ல மாட்டேன், ஏன்னு கீழ படிச்சா புரியும்.

முதல்ல உங்கப்பா கேள்வி. இந்த மாதிரி வகுப்புகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1947-ல ஹயேக்னு ஒரு பொருளாதார அறிஞர் சுவிட்சர்லாந்துல மான்ட் பெலரின்ங்கிற இடத்துல தன் கருத்துள்ள ஆட்களைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பிச்சார். 1961-ல அமெரிக்காவுல ஹார்ப்பர்னு ஒரு பேராசிரியர், 'இன்ஸ்டிடியூட் ஃபார் ஹ்யூமேன் ஸ்டடீஸ்'னு ஒண்ணு தொடங்கினார். கல்லூரிப் பசங்களுக்குக் கோடை வகுப்பு நடத்துறதுல பேர் வாங்கின இடம் அது. நம்ம நாட்ல இதே சந்தைப் பக்கம் நிக்கிற 'சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி' 1997-ல டெல்லியில வந்தது. பெரும்பாலும் நன்கொடைப் பணம்தான். சந்தை பெரிசா வளரணும், அரசு சின்னதா இருக்கணும்னு நினைக்கிறவங்க கொடுக்கிறது. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. தோழர் உண்டியல்ல காசு போடுறவங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும்ல, அந்த மாதிரிதான். மெயில் போட்டு நேராவே கேளு. பதில் வந்தா நல்ல இடம்.

சம்பர்க் கிராந்தி ரயில்ல ரெண்டு ராத்திரி. இறங்கினா அனல். அந்த ஒரு வாரமும் சோத்துக்கு ஏங்கினேன், அதை விடு.

மூணாம் நாள் ஹயேக் 1945-ல எழுதின ஒரு கட்டுரை வச்சுப் பேச்சு. அதுல வெள்ளீயத்தை வச்சு உதாரணம் சொல்வார். எங்கேயோ ஒரு மூலையில வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு. ஏன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். விலை ஏறினதைப் பாத்தே ஊர் உலகமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சிக்கனம் பிடிச்சிரும். விலைங்கிறதே ஒரு தந்தி மாதிரி. பக்கத்துல இருந்த டெல்லிப் பசங்க வேக வேகமா எழுதிக்கிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா இதை நான் அஞ்சு வயசுல இருந்து பாக்கேன்.

எங்க ஊர் வலையங்குளம் பக்கம். ரெண்டு ஏக்கர் மல்லி. விடியக்காலை மூணு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு அம்மாவும் நாலு பேரும் மொட்டு பறிப்பாங்க. ஈரத்துணி போட்டு மூட்டை கட்டி, டிவிஎஸ்ல வச்சு அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போவார். மார்கழியில பனி விழுந்து பூ கொறஞ்சா கிலோ ரெண்டாயிரத்தையும் தாண்டும். சித்திரை வைகாசியில பூ கொட்டும், முகூர்த்தம் இல்லாத நாள்ல இருநூறுக்குக் கூட கேக்க ஆள் இருக்காது. அப்பா ஹயேக் பேரே கேள்விப்படல. ஆனா போன்ல காலையில விலையைக் கேட்டதுமே "தோவாளையில பூ இல்ல போல, கேரளாக்காரன் இங்க வந்துட்டான்"னு சொல்லுவார்.

அன்னிக்கு எந்திரிச்சு இதைச் சொன்னேன். என் இங்கிலீஷ் எப்படி இருந்துச்சுன்னு கேக்காத. 'மொட்டு'க்கு வார்த்தை வராம விரலைக் குவிச்சுக் காட்டினேன். ஹால்ல ஒரு ஆளும் சிரிக்கல. அந்த வாரத்துலயே அவங்க எல்லாரும் பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டது அந்தப் பத்து நிமிஷம்தான். அதனால இங்கிலீஷ் பயத்தை விடு. சொல்றதுக்குச் சரக்கு இருந்தா போதும்.

அப்புறம்தான் விஷயமே. வகுப்பு எடுத்தவர்கிட்ட நான் கேட்டேன்: சார், விலை சேதி சொல்லுதுங்கிறீங்க, சரி. எங்களுக்குப் பறிச்ச பெறகுதான் அந்தச் சேதியே வருது. பறிக்காமயும் விட முடியாது, சாயங்காலம் மொட்டு விரிஞ்சிரும், விரிஞ்ச பூவை ஒருத்தரும் தொட மாட்டாங்க. பத்து மணிக்கு மேல சென்ட் கம்பெனி ஆளு சொல்றதுதான் விலை. அது கூடப் பரவாயில்ல. கிணறு தூர் எடுக்க அப்பா மண்டிக்காரர்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கார். அது அடையிற வரைக்கும் பூ அவர் கடைக்குத்தான் போகணும். பக்கத்துக் கடையில இருபது ரூபா கூட இருந்தாலும் போக முடியாது. நூத்துக்குப் பத்து கமிஷன் வேற. இங்க விலை யாருக்குச் சேதி சொல்லுது?

அவர் குளிர்பதனக் கிடங்கு, ஆன்லைன் ஏலம்னு ஆரம்பிச்சார். பாதியில நிறுத்திட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க அப்பாவுக்கு விலையில குறை இல்ல, கடன் கொடுக்க வேற ஆள் இல்லாததுதான் குறை. அதை நான் சந்தைன்னு சொல்ல மாட்டேன்"னார். அந்தப் பதில் எனக்குப் பாதி பிடிச்சது, பாதி தப்பிக்கிற மாதிரி இருந்தது. நாலு வருஷமாச்சு, இன்னும் முடிவு பண்ணல. மூளைச்சலவைன்னா இப்படியா இருக்கும்?

குறை: போகவர ரயில் காசு கைக்கு வர நாலு மாசம் ஆச்சு, பதினோரு மெயில் போட்டேன். டிக்கெட்டை போட்டோ எடுத்து வச்சுக்க. சர்டிபிகேட்டை எந்த இன்டர்வியூவுலயும் ஒருத்தரும் கேட்டதில்ல.

பதில்: கல்லுப்பட்டி ஓய்வு ஆசிரியர்

தம்பி, போய் வா. போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.கல்லுப்பட்டிக்கு வா, திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் பஸ். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி படித்தவர். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். மேலே அந்தப் பெண் சொன்ன ஹயேக் கட்டுரை 1945. குமரப்பா ஜபல்பூர் சிறையில் எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1945. மாந்தோப்பில் புகுந்து கொள்ளையடிக்கும் குரங்கு, கூடு கட்டும் பறவை, கூட்டாகத் தேன் சேர்க்கும் தேனீ என்று பொருளாதாரத்தை வகை பிரித்தார். அழகர்கோயில் படியில் தேங்காயைப் பறிகொடுத்தவனுக்கு முதல் வகைக்கு விளக்கமே வேண்டாம். டெல்லியில் இவர் பெயரைச் சொல்வார்களா என்று பார்.

பதில்: மல்லிகைக்காரர் மகள்

ஐயா, திரும்பி வந்த பெறகு நானும் அவரைப் படிச்சேன். மரியாதை உண்டு. ஆனா காசுக்காகப் பயிர் வைக்காதே, முதல்ல ஊருக்குத் தேவையான தானியம், காய், பருத்திங்கிறவர் அவர். எந்த நிலத்துல எதைப் போடணும்னு அனுமதிச் சீட்டு கொடுக்கணும்னு கூட எழுதியிருக்கார். எங்க ரெண்டு ஏக்கருக்கு மல்லின்னு சீட்டு கொடுத்திருப்பாரா? கேப்பை போடச் சொல்லியிருப்பார். கேப்பையில என்னை டெல்லிக்கு அனுப்பியிருக்க முடியாது.

பதில்: கல்லுப்பட்டி ஓய்வு ஆசிரியர்

கேப்பை போட்டிருந்தால் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்க வேண்டாமே அம்மா. நேரில் வாருங்கள், பேசுவோம்.

பதில்: திருமங்கலம் பி.ஏ.

அக்கா சொன்ன மாதிரி மெயில் போட்டேன். ரெண்டே நாள்ல பதில். நன்கொடை கொடுத்தவங்க பட்டியலோட வருஷாந்திரக் கணக்கையே அனுப்பிட்டாங்க. அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, "இத்தனை பேர் கட்டுறானுகளா, அப்ப ரயில் காசையும் சேத்துக் கட்டச் சொல்லு"ன்னார். ஸ்லீப்பர் போட்டாச்சு, ஆர்ஏசி 14. ஞாயித்துக்கிழமை கல்லுப்பட்டி வரேன் ஐயா.