டிகிரி முடிக்கும் பிள்ளைகளின் பொதுத்திறனை நிஜமாகவே அளக்க வழி உண்டா?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. தென் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு வருடமாக வணிகவியல் நடத்துகிறேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வரப்போகிறது என்று, அவர்களுடைய 2.6.2 என்ற அளவுகோலுக்கான கோப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பாடத்துக்கும் படிப்புக்கும் நாம் எழுதி வைத்த இலக்குகளை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்று காட்டுகிற கோப்பு அது. பகுத்தறிந்து முடிவெடுத்தல், தெளிவாக எழுதுதல், சமூகப் பொறுப்பு என்று நல்ல நல்ல இலக்குகள்தான். எக்ஸெல்லில் ஒவ்வொன்றுக்கும் 2.41, 2.56 என்று எண்ணும் வந்துவிட்டது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? இன்டர்னல் மார்க்கிலிருந்தும் செமஸ்டர் மார்க்கிலிருந்தும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 60 வாங்கினால் தெளிவாக எழுதத் தெரியும் என்று கணக்கு சொல்கிறது.

போன மாதம் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன், கல்விக்கடன் தவணை சரியாக வரவில்லை என்று வங்கிக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினான். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் எல்லாம் இருக்கிறது, கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்' என்றும் இருக்கிறது. கடன் கணக்கு எண் இல்லை, எந்தத் தவணை என்று இல்லை, வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதத்தின் சட்டத்துக்குள் தன் பிரச்சினையை அடைக்கப் பார்த்திருக்கிறான், பாவம். மூன்று வருடம் என்னிடம் படித்த பையன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பாடத்தைத் தாண்டிய இந்தத் திறன்களை அளக்க, காசு செலவில்லாமல் நாமே செய்யக்கூடிய வழி ஏதாவது இருக்கிறதா?

மேட்டுத்தெரு

மேடம், இதே பாடு பொறியியல் பக்கமும் உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினர் ஆனபோது, பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்பிஏ வைத்திருந்த பட்டதாரி இலக்குகள் மொத்தம் 12. அதில் அறநெறி, குழுவாக வேலை செய்தல், எடுத்துச் சொல்லும் திறன், வாழ்நாள் முழுக்கக் கற்றல் போன்றவைதான் நீங்கள் சொல்லும் பொதுத்திறன்கள். நாங்களும் ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த இலக்கோடு எவ்வளவு தொடர்பு என்று 1, 2, 3 மேப்பிங் போட்டு, மார்க்கை அதில் பெருக்கி எண் எடுத்தோம். தெர்மோடைனமிக்ஸ் தாளில் அறநெறிக்கு 1 போட்டதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எங்களுக்கு உண்மையில் உதவியது பிராஜெக்ட் வைவா. கமிட்டியில் வேறு துறை ஆள் ஒருவரைக் கட்டாயம் உட்கார வைப்போம். அவர் பாடம் கேட்கக் கூடாது. 'இந்த எண் எப்படி வந்தது, இது தப்பென்றால் உனக்கு எப்படித் தெரியும்?' என்பதை மட்டும் கேட்க வேண்டும். பத்து நிமிடம் போதும், யார் புரிந்து செய்தார்கள், யார் கடையில் வாங்கி வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

கடல்கடந்தவன்

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் மதிப்பீட்டுப் பிரிவில் சில வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே கல்லூரி மாணவர்களின் பொதுத்திறனை அளக்க சிஎல்ஏ என்று ஒரு தேர்வு உண்டு. அதன் பிரபலமான மாதிரிக் கேள்வி இப்படிப் போகும்: கம்பெனிக்கு ஒரு சிறிய விமானம் வாங்கலாம் என்று விற்பனைப் பிரிவு ஊழியர் பரிந்துரைக்கிறார், வாங்கப் போகும் நேரத்தில் அதே ரகம் ஒன்று விபத்துக்குள்ளாகிறது. செய்தித்தாள் துணுக்கு, அரசு விபத்து அறிக்கை, மின்னஞ்சல், வரைபடம் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுப்பார்கள். எதை நம்பலாம், எது சம்பந்தமில்லாதது என்று பிரித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று மாணவர் எழுத வேண்டும். மனப்பாடத்துக்கு இடமே கிடையாது. இந்தத் தேர்வை வைத்துத்தான் 2011-இல் ஆரம், ரோக்சா என்ற இரண்டு சமூகவியலாளர்கள், 24 கல்லூரிகளில் முதல் இரண்டு வருடத்தில் 45 சதவீத மாணவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றமே இல்லை என்று காட்டினார்கள். பெரிய சண்டை நடந்தது. மார்க்கில் சேராத தேர்வை மாணவர்கள் மனம் வைத்து எழுதுவார்களா என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. கொலம்பியா நாட்டில் சபேர் ப்ரோ என்ற அரசுத் தேர்வை எழுதாமல் பட்டமே வாங்க முடியாது, அதனால் அங்கே இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 17 நாடுகளில் இதுபோல ஒன்றை நடத்திப் பார்த்தது, அது முன்னோட்டத்தோடு நின்றுபோனது.

உங்களுக்கு என் யோசனை: காகிதக் கட்டை நீங்களே தயார் செய்யுங்கள், உங்கள் ஊர் விஷயமாக இருக்கட்டும். இன்டர்னலில் ஐந்து மார்க்காவது கொடுங்கள். திருத்துவதற்கு அமெரிக்கக் கல்லூரிகள் சங்கத்தின் வேல்யூ ரூப்ரிக்குகள், அதாவது எதற்கு எத்தனை மார்க் என்று விளக்கும் அட்டவணைகள், 16 தலைப்புகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் 1 முதல் 4 வரை படிநிலை. முக்கியமானது, ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். முதல் பத்துத் தாளில் உங்கள் இருவருக்கும் ஒத்தே போகாது, அதைப் பேசித் தீர்த்தபிறகுதான் மீதியைத் தொட வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் மறைந்திருக்கட்டும்.

பழைய வாத்தியார்

ஒன்றே ஒன்று சொல்கிறேன் அம்மா. தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு இதை ஆங்கிலத்தில் வைத்தால் நீங்கள் அளப்பது யோசனையை அல்ல, ஆங்கிலத்தை. பகுதி ஒன்றில் நான்கு செமஸ்டர் தமிழ் நடத்தியவன் நான். மேடையேறத் தயங்கும் பிள்ளை, ஊர்க் குளம் ஏன் வற்றியது என்று தமிழில் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் காரண காரியத்தோடு எழுதும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. கடல்கடந்தவன் சார் சொன்னபடி ஒன்று தயார் செய்து நேற்று வைத்துப் பார்த்தேன். ஹாஸ்டல் குடிநீர் பிரச்சினை. நான்கு காகிதம்: மாணவிகளின் புகார் மனு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்று காட்டும் பரிசோதனை அறிக்கை, ஆர்ஓ கம்பெனியின் விலைப்பட்டியல், இந்தியத் தர நிர்ணயத்தின் பக்கம் ஒன்று. தரப்படி 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடலாம். முதல்வருக்கு ஒரு பக்கத்தில் பரிந்துரை எழுத வேண்டும். மொழி அவரவர் விருப்பம், ஐந்து மார்க்.

நிறையப் பேர் 900 என்பது 500-ஐவிட அதிகம், மிஷின் வாங்குங்கள் என்று முடித்துவிட்டார்கள். 2000-ஐ யாரும் பார்க்காமல் இல்லை, பார்த்தும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வங்கிக் கடிதப் பையன் இரண்டையும் எழுதி, பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள் என்று எழுதியிருந்தான். கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி தமிழில், 'பரிசோதனை அறிக்கையின் கீழே உள்ள முத்திரையும் விலைப்பட்டியலில் உள்ள முத்திரையும் ஒன்றாக இருக்கிறது, ஆகவே தண்ணீரை வேறு இடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாள். நான் வேண்டுமென்றே வைத்த முத்திரை அது. அவளுக்கு இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது, எங்கள் எக்ஸெல்லில் அவள் எந்த இலக்கையும் எட்டவில்லை.

மொத்தம் 46 தாள். பெயர் மறைத்து ஸ்கேன் செய்து வைக்கிறேன். இரண்டாவது ஆளாகத் திருத்தித் தர யாராவது முன்வர முடியுமா? முதல் பத்தைத் திருத்தியதும் ஞாயிறு மாலை போனில் பேசிக்கொள்ளலாம்.

மேட்டுத்தெரு

நான் வருகிறேன் மேடம். தனிமடலில் அனுப்புங்கள், உங்கள் மார்க்கை மட்டும் இப்போது சொல்லிவிடாதீர்கள்.