பின்கணிப்பா, மீள்முன்கணிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சூறாவளியின் போக்கைக் கணிக்கும் கணினி மாதிரியை மேம்படுத்திய பின் அதைப் பழைய சூறாவளிகளின் மீது ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு "பின்கணிப்பு" என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சின்னச் சொல், முன்கணிப்போடு இணையாகவும் நிற்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

"பின்" என்றதும் நடந்து முடிந்தபின் கணிப்பது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். நடந்ததைத் தெரிந்துகொண்டு கணித்தால் சோதனையே செல்லாது. 2023-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் சூறாவளியைப் பாருங்கள். வெப்பமண்டலப் புயலாக இருந்தது ஒரே நாளில் ஐந்தாம் வகைச் சூறாவளியானது, அதுதான் உச்ச வகை. மாதிரிகள் கோட்டைவிட்டன. அக்டோபர் 24 பிற்பகல் ஆய்வு விமானம் உள்ளே போய் அளந்த பிறகே எவ்வளவு வலுத்துவிட்டது என்று தெரிந்தது. இன்று ஒருவர் தன் புதிய மாதிரியை ஓட்டிஸில் சோதித்தால், 24 காலை ஓட்டத்துக்கு அந்தப் பிற்பகல் அளவீட்டைக் காட்டவே கூடாது. அன்று காலை கையில் இருந்த தகவல் மட்டும்தான். மாதிரி புதிது, தகவல் பழையது, பார்வை மட்டும் முன்னோக்கியே.

அதனால் சொல்லுக்குள் "முன்" இருந்தே ஆக வேண்டும். என் பரிந்துரை: மீள்முன்கணிப்பு.

நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். "மறுகணிப்பு" என்று சுருக்கலாமே என்றால், கணக்கில் தப்பு நேர்ந்து திருத்துவது போல அது ஒலிக்கிறது. "மீள்கணிப்பு" கொஞ்சம் தேவலை. ஆனால் பழைய வானிலையைத் திரும்ப அலசும் மீள்பகுப்பாய்வோடு குழம்பும். அங்கே பின்னால் கிடைத்த தரவையும் தாராளமாகச் சேர்ப்பார்கள், இங்கே சேர்த்தால் ஏமாற்று.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "அமெரிக்காவின் ஹாஃப்ஸ் என்ற சூறாவளிக் கணிப்பு மாதிரி 2023-இல் நடைமுறைக்கு வருமுன் முந்தைய பருவங்களின் சூறாவளிகளுக்கு மீள்முன்கணிப்பு செய்தார்கள்." "மீள்முன்கணிப்பில் தடப்பிழை (புயல் போகும் பாதையில் பிழை) குறைந்தது, தீவிரப்பிழை (காற்றின் வலுவில் பிழை) குறையவில்லை." தடையில்லாமல் ஓடுகிறது. வினையாக "மீள்முன்கணித்தார்கள்" என்பது நாக்கில் ஒட்டவில்லை, "செய்" சேர்த்தே எழுதலாம்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2009-இல் தொடங்கிய சூறாவளிக் கணிப்பு மேம்பாட்டுத் திட்டம், தடம், தீவிரம் இரண்டிலும் பிழையை ஐந்தாண்டில் 20 விழுக்காடு, பத்தாண்டில் 50 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. ஒரு மாற்றம் அந்த இலக்கை நோக்கிப் போகிறதா என்று அடுத்த பருவம் வரை காத்திராமல் பார்க்க இந்தச் சோதனைதான் வழி. ஒரு சூறாவளியில் ஜெயித்த கணினி மாதிரி அடுத்ததில் சறுக்கும் என்பதால், பல பருவங்களை மொத்தமாக ஓட்டுவார்கள்.

அப்புறம் இன்னொன்று. எந்த உண்மையோடு கணிப்பை ஒப்பிட்டுப் பிழையை அளக்கிறோமோ, அதாவது புயல் ஓய்ந்தபின் எல்லாத் தரவையும் சேர்த்து வரையும் பாதை, அதைச் சிலர் "சிறந்த பாதை" என்கிறார்கள். புயலுக்கு ஏது சிறந்த பாதை? "இறுதித்தடம்" சரியாக வருமா?